பரிசில், சன்மானம், கூலி

வாலிகண்டபுரத்துக்கு வரலாற்றுப் புத்தகத்தில் இடம் கிடைத்தது ஒரு போரால். 1751-ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் முகமது அலியும் ஒரு பக்கம், பிரெஞ்சுக்காரரும் சந்தா சாகிபும் மறுபக்கம் நின்று மோதிக்கொண்ட ஊர் இது. இந்த மண்ணில் களை வெட்டியவர்களும் பருத்தி எடுத்தவர்களும் என்ன கூலி வாங்கினார்கள் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அதைத்தான் என் முன்னாள் மாணவி ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். ஊர் அவளுக்கு வாலிகண்டபுரம். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு எந்த அலுவலகத்திலும் சேராமல் பத்திரிகைகளுக்கும் இணைய இதழ்களுக்கும் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவள். ஒரு கட்டுரைக்கு ஒரு தொகை. எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை.

பதினோரு நாள் மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் சின்ன வெங்காயக் களத்திலும் பெண்களோடு திரிந்து, படமும் தானே எடுத்து, மூவாயிரம் சொல்லில் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தாள். இதழிலிருந்து இரண்டு பக்க ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வந்தது. தொகை 2,500 ரூபாய். பேருந்து, ஷேர் ஆட்டோ, சாப்பாடு என்று அவள் கையிலிருந்து ஏற்கெனவே 1,400 போயிருந்தது. “கையெழுத்துப் போடட்டுமா அம்மா?” என்று கேட்டாள். நேரில் வருகிறேன் என்றேன். வாலீஸ்வரர் கோயில் திண்ணையில் உட்கார்ந்து இருவருமாகப் படித்தோம்.

முதல் பக்கத்திலேயே கட்டுரையின் எல்லா உரிமைகளும் பிரபஞ்சம் முழுவதற்கும் நிரந்தரமாக அந்த நிறுவனத்துக்கே என்று எழுதியிருந்தது. வாலிகண்டபுரத்து வெங்காயக் கதைக்குச் செவ்வாய் கிரகத்திலும் உரிமையாளர் இருக்கிறார் என்று சிரித்தோம். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. யாராவது வழக்குத் தொடுத்தால் செலவு முழுவதும் எழுதியவர் பொறுப்பு என்றிருந்தது.

“கூடுதலாக் கேட்டா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்களோன்னு பயமா இருக்கும்மா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னாள். வெங்காயக் களத்தில் ஓர் அம்மா அவளிடம் கேட்டாராம்: “இத எழுதுனா உனக்கு என்ன கூலி கண்ணு?” அவளுக்குப் பதில் தெரியவில்லை. தொகை எவ்வளவு என்று கேட்காமலே வேலையைத் தொடங்கியிருந்தாள். அந்த அம்மா அதை நம்பவே இல்லையாம். “கூலி பேசாம எப்புடி வண்டி ஏறுன?”

அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரைக்குள் இழுத்து வந்தது. களத்துக்குப் போகும் பெண்கள் வண்டி ஏறுவதற்கு முன் கூட்டமாக நின்று கூலி பேசுகிறார்கள். பருத்தி என்றால் கிலோவுக்கு இவ்வளவு, எடை போடும்போது நாங்களும் பார்ப்போம் என்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதப்போன படித்த பெண்ணுக்கு வாய் வரவில்லை. படிப்பு அவளுக்கு எதைக் கற்றுக்கொடுத்தது? கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் கேள்வி எனக்கும்தான்.

பழைய இலக்கியத்தில் எழுத்துக்குக் கூலி கேட்பது கூச்சமாக இருக்கவில்லை. புறநானூற்றில் பரிசில் என்பதே ஒரு துறை. ஒரு நாட்டில் நிலையாக இல்லாமல் ஊர் ஊராக, அரசன் அரசனாகப் போன புலவர்களை இன்றைய சொல்லில் சுதந்திர எழுத்தாளர்கள் என்று சொன்னால் பெரிய பிழையில்லை. அவர்களில் ஔவையார் 206-ஆம் பாட்டில் செய்வதைப் பாருங்கள். அதியமான் பரிசில் தராமல் நாளைக் கடத்துகிறான். ஔவை அவனிடம் போய்க் கெஞ்சவில்லை. வாயில்காப்போனிடம் பேசுகிறார். உன் அரசனுக்குத் தன் தகுதி தெரியாதா, என் தகுதிதான் தெரியாதா என்கிறார். அறிவும் புகழும் உள்ளவர்கள் உலகத்தில் தீர்ந்துபோய்விடவில்லை என்கிறார். தச்சனின் பிள்ளை கோடரியோடு காட்டுக்குப் போனால் மரத்துக்கா பஞ்சம், எங்களுக்கும் எந்தத் திசையிலும் சோறு உண்டு என்று மூட்டையைக் கட்டுகிறார்.

பேரம் பேசுவதற்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. தன் வேலையின் மதிப்பு இன்னதென்று அவருக்குத் தெரியும். வேறு இடம் இருக்கிறது என்பதும் தெரியும். எழுந்து போகத் தயாராகவும் இருக்கிறார். அதியமானுக்கும் ஔவைக்கும் இடையில் இருந்த நட்பைத்தான் நாம் நெல்லிக்கனிக் கதையாகப் பள்ளியில் படிக்கிறோம். அந்த நட்பு அவரைக் கேட்கவிடாமல் தடுக்கவில்லை.

இன்னொரு துறையும் உண்டு, ஆற்றுப்படை. பரிசில் பெற்றவர் எதிரே வறுமையோடு வருகிறவரிடம், இன்னாரிடம் போ, இன்ன வழியில் போ, இன்னது கிடைக்கும் என்று சொல்வது. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். வகுப்பில் அதை வள்ளலின் புகழாகவும் இயற்கை வருணனையாகவும் நடத்துகிறோம். தொழில் செய்கிறவர்கள் தங்களுக்குள் ஊதியத் தகவலைப் பகிர்ந்துகொண்ட ஏற்பாடு என்றும் அதைப் படிக்கலாம். ஆடும் பெண்ணை வழிப்படுத்தும் விறலியாற்றுப்படையை ஔவையாரே 103-ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். யார் தருவார் என்பதை ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொல்கிறாள். இன்று என் மாணவிக்கு அப்படிச் சொல்ல ஒருத்தி இல்லை. எந்த இதழ் எவ்வளவு தருகிறது என்பது எழுதுகிறவர்களுக்குள் ரகசியமாகவே இருக்கிறது. அந்த ரகசியத்தால் லாபம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

பரிசில் பேரத்தில் ஒரு கோணலும் உண்டு. 208-ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், தன்னைக் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பொருளை மறுக்கிறார். நான் வணிகன் அல்லன் என்கிறார். தன்மானமுள்ள பாட்டுதான். ஆனால் வேலைக்கு ஈடாக வருவது விலை இல்லை, மதிப்பு என்ற எண்ணம் அங்கே விதையாகக் கிடக்கிறது. அது பின்னாளில் வேறு பெயரில் முளைத்தது.

நாங்கள் உட்கார்ந்திருந்த கோயிலின் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. என் மாணவி அவற்றைத் தடவிக்கொண்டே, “இதெல்லாம் அக்ரிமென்ட்தானம்மா?” என்றாள். ஆமாம், பெரும்பகுதி ஒப்பந்தம்தான். யார் எவ்வளவு கொடுத்தார், அதை வைத்து யாருக்கு என்ன தர வேண்டும் என்பவை. பெண்களின் ஊதியத்தைப் பெயர் சொல்லிப் பொறித்த பெரிய ஒப்பந்தம் தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று ஒவ்வொன்றும் அதில் உண்டு. ஒருத்திக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். எந்த அளவையில் அளப்பது என்றும் எழுதியிருக்கிறது. ஒருத்தி இறந்தாலோ வேற்றூர் போனாலோ அவள் பங்கு நெருங்கிய உறவில் தகுதி உள்ளவருக்கு, தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவருக்கு.

இதைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. அந்த நானூறு பேரை யாரும் சம்மதம் கேட்டு அழைத்துவரவில்லை. அதே கல்வெட்டில் நட்டுவம் செய்த ஆணுக்கு இரண்டு பங்கு, ஆடிய பெண்ணுக்கு ஒன்று. ஆனாலும் ஓர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய பெயர், வேலை, தொகை, அளவை, தொடர்ச்சி எல்லாம் அதில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்குப் பின் வந்த இரண்டு பக்க ஆங்கிலத் தாளில் நிறுவனத்தின் உரிமைகள் விரிவாக இருந்தன. பணம் எந்தத் தேதியில் வரும் என்பது மட்டும் இல்லை.

அச்சுக் காலத்தில் பரிசில் சன்மானம் ஆயிற்று. வடமொழிச் சொல், பொருள் மரியாதை. இதழ்கள் கதைக்கும் கட்டுரைக்கும் கொடுத்த பணத்துக்கு இன்றுவரை அதுதான் பெயர். அன்பளிப்பு, மதிப்பூதியம் என்று தமிழிலும் அதற்குத் தம்பி தங்கைகள் உண்டு. எதிலும் கூலி என்ற வாடை இல்லை. கூலி என்றால் குறைவாக இருக்கிறது, நேற்று தரவில்லை என்று சண்டை போடலாம். மரியாதையை எப்படிக் கூட்டிக் கேட்பது? அன்பைத் தாமதமாக அளித்தார்கள் என்று யாரிடம் முறையிடுவது? பேரம் தொடங்கும் முன்பே சொல் நம் வாயைக் கட்டிவிடுகிறது.

பெண்களுக்கு அந்தக் கட்டு இரட்டை முடிச்சு. வீட்டில் சமைத்ததற்கும் துவைத்ததற்கும் கூலி கேட்காதவள், எழுத அனுமதி கிடைத்ததே பெரிதென்று வளர்க்கப்பட்டவள், எழுதியதற்குப் பணம் கேட்டால் பேராசை என்றார்கள். இதை முதலில் அறுத்தவர்களில் ஒருவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901-இல் பிறந்தவர். குழந்தை மணம், பள்ளிப்படிப்பு இல்லை. முதல் நாடகத்தைத் தோழிக்குச் சொல்லச் சொல்லி எழுதவைத்தவர். 1925-இல், நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ இதழை வாங்கித் தானே நடத்தத் தொடங்கினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. அவருடைய நாவல்கள் நூற்றுக்கும் மேல். பல அதில்தான் வெளிவந்தன. இலக்கிய வரலாறுகள் அந்த நாவல்களைப் பொழுதுபோக்கு என்று ஒரு பத்தியில் கடந்துவிடும். தன் எழுத்துக்கு என்ன விலை என்று இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டாத இடத்தை ஒரு பெண் அமைத்துக்கொண்டதை அந்தப் பத்தி கவனிப்பதில்லை.

எல்லாருக்கும் இதழ் வாங்க முடியாது. ஆனால் இதழ்கள் பிறந்த கதையிலும் பெண்ணின் உழைப்பு ஒளிந்திருக்கிறது. 1941-இல் ‘கல்கி’ தொடங்குவதற்கான பணம் வந்தது எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற ஊதியத்திலிருந்து. இதழின் பெயர் ஆசிரியருடையது. முதலீடு அந்தப் பெண்ணின் தொண்டையிலிருந்து வந்தது.

இந்தப் பக்கத்துக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். ராஜம் கிருஷ்ணன் 1925-இல் முசிறியில் பிறந்தவர். அவருடைய நாவல்களில் பல, இன்று நாம் களப்பணி என்று சொல்லும் வேலையிலிருந்து எழுந்தவை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய ‘கரிப்பு மணிகள்’ அப்படி வந்தது. சம்பல் பள்ளத்தாக்குக்கும் போனார், மீனவர் குப்பங்களுக்கும் போனார். போகவர யார் செலவு, தங்கியதற்கு யார் செலவு என்று நாம் கேட்பதில்லை. 1973-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர், கணவர் இறந்தபின் கையிலிருந்ததை இழந்து முதியோர் இல்லத்தில் வாழ்ந்தார். 2009-இல் அரசு அவர் நூல்களை, அவர் உயிரோடு இருக்கும்போதே நாட்டுடைமையாக்கி மூன்று லட்சம் ரூபாய் கொடுத்தது. 2014-இல் மறைந்தார். அந்தத் தொகை தேவையான நேரத்தில் வந்த நல்ல உதவி. ஆனால் வாழ்நாள் முழுவதும் எழுதியவருக்குக் கடைசியில் தேவைப்பட்டது உதவி என்பதே நம் எழுத்துலகின் கணக்கு எப்படி நடக்கிறது என்று காட்டிவிடுகிறது.

சிற்றிதழ்கள் சன்மானமே தந்ததில்லை. நடத்தியவர்களே மனைவியின் நகையை அடகு வைத்தவர்கள் என்பதைப் பெருமையாகச் சொல்வோம். அந்த மனைவியிடம் கேட்டார்களா என்று விசாரிக்க மாட்டோம். நானும் இருபது ஆண்டு அவற்றில் கவிதை எழுதியவள். பணம் எதிர்பார்க்கவில்லை. மாதச் சம்பளம் இருந்ததால் எதிர்பார்க்காமல் இருக்க முடிந்தது. அந்த வசதியை இலட்சியம் என்று நினைத்துக்கொண்டு மாணவிகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். பணத்துக்காக எழுதாதே என்று நான் சொன்னதை அவள் இன்னும் நினைவில் வைத்திருந்தாள்.

சட்டம் என்ன செய்தது? முதல் பத்திரிகை ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின் 1955-இல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. வேலைநேரம், விடுப்பு, பணிக்கொடை, சம்பளக் குழு எல்லாம் அதன் வழியே வந்தவை. முதல் சம்பளக் குழுவின் முடிவை முதலாளிகள் எதிர்த்து வழக்காட, 1958-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. கடைசியாக வந்த மஜீதியா குழுவின் பரிந்துரை 2011-இல் அறிவிக்கப்பட்டு, 2014-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. இத்தனையும் பணியமர்த்தப்பட்டவர்களுக்கு. பகுதிநேரப் பணியாளரும் பின்னர் சட்டத்துக்குள் வந்தார்கள். ஆனால் எந்த வேலையிலும் அமர்த்தப்படாமல் கட்டுரைக்குக் கட்டுரை எழுதுகிறவர் வாசலுக்கு வெளியேதான் நின்றார். 2020-இன் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்த 1955 சட்டத்தை நீக்கித் தமக்குள் எடுத்துக்கொண்டன. மின்னணு ஊடகத்தையும் எண்ணிம ஊடகத்தையும் சேர்த்துக்கொண்டன. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறையில் உள்ளன. அங்கும் பணியமர்த்தப்பட்டவர் என்ற சொல் மாறவில்லை.

வீட்டுப் பொறுப்பால் முழுநேர வேலைக்குப் போக முடியாதவர்கள், திருமணமாகி ஊர் மாறியவர்கள், குழந்தை பிறந்தபின் அலுவலகம் திரும்ப இடம் தராதவர்கள் பலர் இந்தச் சுதந்திரத்துக்குள் வந்து சேர்கிறார்கள். ஆகவே சட்டத்தின் ஓட்டை ஆண்பெண் பார்ப்பதில்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1957-இன் பதிப்புரிமைச் சட்டம். அதன் 17-ஆம் பிரிவின்படி, வேலைக்கு அமர்த்தப்படாமல் எழுதுகிற பத்திரிகையாளரின் எழுத்துக்கு முதல் உரிமையாளர் எழுதியவரே. 19-ஆம் பிரிவு, உரிமையை மாற்றிக்கொடுப்பதானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. எந்தப் படைப்பு, எந்த உரிமைகள், எத்தனை காலம், எந்த எல்லை, என்ன தொகை என்று இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். பிரபஞ்சம் என்ற சொல்லைப் போட அவர்கள் ஏன் துடிக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தக் கையெழுத்து இல்லாமல் அவர்களுக்கு அந்த உரிமை வராது. உட்கார்ந்திருந்த இரண்டு பேரில் பேரம் பேசப் பொருள் வைத்திருந்தவள் அவள்தான்.

உலகத்தில் பிறரும் இதே இடத்தில் நின்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் சுதந்திர எழுத்தாளர்கள், அச்சுக்குக் கொடுத்த கட்டுரையைக் கேட்காமல் மின்தரவுத் தளங்களுக்கு விற்றதாக ‘நியூயார்க் டைம்ஸ்’ உள்ளிட்ட நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டு, 2001-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். அதன்பின் நிறுவனங்கள் எல்லா உரிமையையும் முன்கூட்டியே எழுதி வாங்க முனைந்தன. ஒரு வெற்றி அடுத்த ஒப்பந்தத்தை இறுக்கிவிடும் என்பதும் பாடம். 2017-இல் நியூயார்க் நகரத்தில் ஒரு சட்டம் வந்தது. 800 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், தேதி குறிப்பிடாவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். நம் நாட்டில் 2002-இல் ஊடகப் பெண்கள் தங்களுக்கென ஒரு வலையமைப்பைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்துச் சித்ரகூடத்தில் கிராமப் பெண்கள் ‘கபர் லஹரியா’ என்ற செய்தித்தாளைத் தொடங்கினார்கள். கோதைநாயகி அம்மாளின் வழி அது. தலித் பெண்கள் பெரும்பங்காக நின்று சேர்ந்து நடத்தியது.

கோயில் திண்ணையில் நாங்கள் எழுதிய கடிதம் ஒரு பக்கம். தமிழில் எழுதினோம். நன்றியில் தொடங்கவில்லை, வேலையில் தொடங்கினோம்: பதினோரு நாள், மூவாயிரம் சொல், இத்தனை படம். பிறகு கேட்டவை. கட்டுரைக்கு ஒரு தொகை, படங்களுக்குத் தனியாக ஒரு தொகை. பயணச் செலவு ரசீதின்படி வேறு. பணம் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து முப்பது நாளில், வெளியான நாளிலிருந்து அல்ல. ஏற்றபின் வெளியிடாமல் விட்டால் பாதித் தொகை. ஒரு முறை அச்சிலும் இணையத்திலும் வெளியிடும் உரிமை மட்டும். நூலாக்கம், மொழிபெயர்ப்பு, காணொளி எழுதியவரிடம். எழுதியவர் வேண்டுமென்றே பொய் எழுதினால் தவிர, வழக்குச் செலவு நிறுவனத்துடையது. தொகை என்ன என்று எழுதும் இடத்தில் அவள் கை நின்றது. “ஆறாயிரம்னு போடவா?” என்றாள். செலவையும் நாளையும் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். பருத்தி எடுக்கிறவர்களின் தினக்கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். எட்டாயிரம் என்று எழுதினாள்.

பதில் நான்கு நாள் கழித்து வந்தது. கட்டுரைக்கும் படத்துக்குமாக ஐந்தாயிரம், பயணச் செலவு தனி. நூல் உரிமையும் மொழிபெயர்ப்பும் அவளுக்கே. வழக்குச் செலவுப் பிரிவைத் திருத்தினார்கள். காணொளி உரிமையை விடவில்லை, வெளியிடாவிட்டால் பாதித் தொகை என்பதையும் ஏற்கவில்லை. கடிதத்தின் குரல் கொஞ்சம் குளிர்ந்திருந்தது. ஆறு மாதமாக அந்த இதழ் அவளை மறுபடி கூப்பிடவில்லை. அவள் பயந்ததும் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கடிதத்தைத் தன்னைப்போல் எழுதும் நான்கு பெண்களுக்கு அனுப்பியிருக்கிறாள், தொகையை மறைக்காமல். அவர்கள் தங்கள் தொகையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆற்றுப்படை மறுபடி தொடங்கியிருக்கிறது.

ஒருவர் கேட்டால் மறுக்கலாம், அடுத்த முறை கூப்பிடாமல் விடலாம். வெங்காயக் களத்துப் பெண்கள் தனியாகப் போய்க் கேட்பதில்லை என்பதை நாங்கள் இருவரும் தாமதமாகத்தான் கவனித்தோம்.

இந்தத் தொகுப்புக்குக் கட்டுரை கேட்டபோது நானும் பதிப்பாளரிடம் கேட்டேன், வாழ்க்கையில் முதல்முறையாக. என்ன தருவீர்கள், எப்போது தருவீர்கள், உரிமை யாரிடம்? சிறிய பதிப்பகம். பெரிய தொகை அவர்களால் முடியாது. பத்துப் பிரதியும் ஒரு சிறு தொகையும் தருவோம், உரிமை உங்களுடையது என்று எழுதி அனுப்பினார். சன்மானம் என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லை அடித்துக் கூலி என்று திருத்தி, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.